நாற்பத்திரண்டு பெயர் எழுதிய மட்டை

இதை எழுதுவதா விடுவதா என்று பல வருடங்கள் யோசித்திருக்கிறேன். இரண்டு தடவை தொடங்கினேன். இரண்டு தடவையும் நான் பொய் சொன்ன இடம் வந்ததும் கொப்பியை மூடி வைத்துவிட்டேன். நான் பள்ளிக்கூடத்தில் ஓ.எல். பரீட்சை வரை படித்தவன். எழுத்தாளன் அல்ல. எழுத்தாளர்கள் எழுதியதை மடித்து, ஒட்டி, வெட்டிப் புத்தகமாக்கிக் கொடுத்தவன். மொன்றியலில் ஒரு சின்ன அச்சகத்தில், பைண்டிங் பகுதியில், பதினெட்டு வருடம் நின்றேன். இப்போது ஓய்வு. முழங்கால் நோவைத் தவிர ஆண்டவர் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். நடந்ததை மாற்றவில்லை.

1. ரூபென் வந்த நாள்

எங்கள் அச்சகத்துக்கு வருவது பெரும்பாலும் கடை விளம்பரம், பாடசாலைக் கொப்பி, பாட்டுப் புத்தகம். கதைப் புத்தகம் வருவது குறைவு. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஒரு நாள் முதலாளி மிசியே ரெனே ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு என் கட்டிங் மெஷினுக்குப் பக்கத்தில் வந்தார். அறுபது வயதிருக்கும். கட்டை மனிதர். கையில் மூடி போட்ட கோப்பிக் கப்.

“தன் புத்தகத்தை வெட்டும்போது பக்கத்தில் நிற்க வேண்டுமாம். நிற்கட்டும். விரலை மட்டும் உள்ளே வைக்க விடாதே” என்று சொல்லிவிட்டு முதலாளி போய்விட்டார்.

அவர்தான் ரூபென். குவாத்தமாலாக்காரர். அங்கே பத்திரிகை நிருபராக இருந்தவர். கூட வேலை செய்த இரண்டு பேர் கொல்லப்பட்ட பிறகு நாட்டை விட்டு ஓடி வந்தவர். இங்கே காலையும் பின்னேரமும் பாடசாலை பஸ் ஓட்டினார். நடுவில் கிடைக்கும் நேரத்தில், பஸ்ஸுக்குள் இருந்தபடியே, நாவல் எழுதினார். நாங்கள் இருவரும் கதைத்தது உடைந்த பிரெஞ்சில். அதை அப்படியே எழுதினால் ஒருவருக்கும் விளங்காது. ஆகவே எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன்.

“உம்மடை பேர் என்ன?”

“செபஸ்தியான்.”

“செபஸ்தியானோ! என்ரை ஊரிலை ஒரு கல்லை எறிஞ்சால் ரெண்டு செபஸ்தியானிலை படும். நீர் எந்த நாடு?”

“சிலோன். மன்னார்ப் பக்கம்.”

“அங்கை ஆர் கொண்டு வந்து வைச்ச பேர் இது?”

“போர்த்துக்கீசர் அண்ணை.”

“ஓ, எங்களிட்டை வந்த ஸ்பானியன்ரை பக்கத்து வீட்டுக்காரன். அப்ப நீரும் நானும் சொந்தம்தான்.”

அன்றைக்கே அவர் எனக்கு அண்ணையாகிவிட்டார்.

ஐந்தாறு வருடத்தில் அவருடைய மூன்று புத்தகங்கள் எங்களிடம் வந்தன. மூன்றையும் நான்தான் மடித்து வெட்டினேன். ஸ்பானிய மொழி என்றபடியால் ஒரு வரியும் வாசிக்கவில்லை. ஆனால் பசை காயும் வரைக்கும் பக்கத்தில் நின்று கதையைச் சொல்லுவார். முதல் புத்தகம், செத்துப்போன ஒருவனின் பத்திரங்களில் வாழும் மனிதனைப் பற்றியது. தன் சொந்த மகளே அவன் பெயரைக் கேட்டபோதும் அவன் வாய் பழக்கத்தில் அந்தச் செத்தவனின் பெயரைத்தான் சொல்லும். அதைக் கேட்டு நான் மெஷினை நிறுத்திவிட்டேன். நானே வேறொருவரின் பாஸ்போட்டில் வந்து இறங்கியவன். டோர்வல் விமான நிலையத்தில் அதிகாரி அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது நான் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் நின்றவர் முதுகில் தட்டித்தான் திரும்பினேன்.

இரண்டாவது புத்தகத்தில் ஒரு பழைய நிருபர், தன் நாட்டிலிருந்து வரும் செய்தித்தாளை ஒவ்வொரு நாளும் சிவப்புப் பேனையால் திருத்திக்கொண்டிருப்பார். திருத்தியதை அனுப்ப அவருக்கு ஒரு விலாசமும் இல்லை. மூன்றாவது, தப்பி வந்தவர்களைப் பற்றியது. “தப்பினவனுக்கு ஒரு வெக்கம் இருக்குது, செபஸ்தியான். அதை ஒருத்தரும் எழுதிறேல்லை” என்றார்.

என் தவறு நடந்தது அந்த மூன்றாவது புத்தகத்தில்.

2. வேஸ்ட் தாள்

இளையவர்களுக்காகச் சொல்கிறேன். புத்தகம் பக்கம் பக்கமாக அச்சாவதில்லை. ஒரு பெரிய தாளில் பதினாறு பக்கம் அடிப்பார்கள். அதை மடித்தால் ஒரு செக்‌ஷன். இப்படிப் பல செக்‌ஷன் சேர்ந்ததுதான் புத்தகம். மை சீராக வரும் வரைக்கும் முதலில் வரும் தாள்கள் வேஸ்ட். அவற்றைப் பெட்டியில் போட்டுவிடுவோம்.

மூன்றாவது புத்தகத்தின் கடைசி செக்‌ஷனில் இரண்டு பக்கம் முழுக்கப் பெயர்கள். எண்ணினேன். நாற்பத்திரண்டு. ஒவ்வொரு பெயரோடும் பிறந்த வருடமும் ஊரும். தொமாஸ், மத்தேயோ, லூசியா, இக்னாசியோ என்று எல்லாம் எங்கள் ஞானஸ்நானப் பெயர்கள். வேஸ்ட் பெட்டியைத் தூக்கப் போனபோது அந்தப் பெயர்கள் மேலே கிடந்தன. “இதெல்லாம் என்ரை ஆக்கள்” என்று ரூபென் முதல் நாள் அந்தத் தாளைத் தடவிச் சொன்னது நினைவு வந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு புத்தகத்தின் பின்னால் இப்படி வரிசையாகப் பெயர் வந்தால் அதற்கு ஓர் அர்த்தம்தான் உண்டு. இறந்தவர்கள். இறந்த வருடம் போடப்படவில்லை என்பதைப் பார்த்தேன். பார்த்தும் உறைக்கவில்லை. செத்த நாள் தெரியாமல் போனவர்கள் எங்களிடம் எத்தனை பேர் என்றுதான் நினைத்தேன்.

அந்தப் பெயர்களைக் குப்பைக்குப் போகவிட எனக்கு மனம் வரவில்லை. தாளை மெஷினில் வைத்து அந்த இரண்டு பக்கத்தையும் மட்டும் வெட்டி எடுத்தேன். அவற்றுக்கு முந்திய பக்கத்தில் நாலைந்து வரி இருந்தது. அதை வேஸ்ட்டோடு விட்டுவிட்டேன்.

3. சுவாமியிடம் சொன்னது

நவம்பர் மாதம் உத்தரிக்கிற ஆத்துமாக்களின் மாதம். எங்கள் தமிழ்ப் பூசைக்கு வரும் குடும்பங்கள் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுப்பார்கள். மாதம் முழுவதும் அவர்களுக்காகச் செபிப்போம். நான் ஒரு நல்ல தடித்த மட்டையை நேராக வெட்டி, ஓரத்துக்குக் கறுப்புத் தாள் ஒட்டி, நாற்பத்திரண்டு பெயரையும் ஊரோடும் வருடத்தோடும் பெரிய எழுத்தில் எழுதினேன். எங்கள் கோயிலில் மத்தியானம் தமிழ்ப் பூசை, பின்னேரம் ஸ்பானியப் பூசை. அவர்களும் பார்த்துச் செபிக்கட்டும் என்று பக்கப் பீடத்தில் வைக்கக் கேட்டேன்.

எங்கள் பங்குக் குருவான சுவாமி மட்டையை வாங்கிப் பார்த்தார். “வடிவாச் செய்திருக்கிறீர், செபஸ்தி. இதை எழுதின ஆளிட்டைக் கேட்டனீரோ?”

“ஓம் சுவாமி. அவருக்குத் தெரியும்.”

அது பொய். ரூபென் கோயிலுக்குப் போகாத மனிதர். கேட்டால் வேண்டாம் என்பார், பிறகு சொன்னால் மனம் இளகும் என்று நானே முடிவு செய்தேன். புண்ணியம் செய்யும் அவசரம். இந்த ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனை வருடம் கொப்பியை மூடி மூடி வைத்தேன்.

4. மட்டை திரும்பி வந்தது

மட்டை வைத்து இரண்டாவது ஞாயிறும் போய்விட்டது. திங்கட்கிழமை காலை பத்து மணியிருக்கும். ரூபென் அச்சகத்துக்குள் வந்தார். கக்கத்தில் என் மட்டை. அதைக் கட்டிங் மெஷினின் மேல் வைத்தார்.

“இந்தக் கறுப்புக் கரை ஆரின்ரை வேலை?”

நான் சந்தோசமாக, “என்ரை வேலைதான் அண்ணை” என்றேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

“இவையள் செத்துப்போச்சினம் எண்டு உமக்கு ஆர் சொன்னது?”

“புத்தகத்திலை பேர் கிடந்தது...”

“பேருக்கு முந்தின பக்கத்திலை என்ன கிடந்தது? ‘இவர்களைக் காணவில்லை. உயிரோடு கண்டவர்கள் எனக்கு எழுதுங்கள்’ எண்டு கிடந்தது. அதை வாசிச்சனீரோ?”

“எனக்கு ஸ்பானிஷ் தெரியாது அண்ணை.”

“தெரியாதவன் கேட்டிருக்கோணும்! நான் உம்மடை மெஷினுக்குப் பக்கத்திலை ஆறு வருசமா நிக்கிறன். வாய் இல்லையோ உமக்கு?”

முதலாளி கண்ணாடிக் கதவுக்குள்ளால் எட்டிப் பார்த்தார். பிறகு ரூபென் குரலை இறக்கி நடந்ததைச் சொன்னார். எல்வீரா என்று ஒரு பெண், ரொக்ஸ்பரோவில் இருக்கிறவர், நேற்றுப் பின்னேரம் ஸ்பானியப் பூசைக்கு வந்திருக்கிறார். பதினேழாவது பெயர் ஹசிந்தோ. அவருடைய ஒரே தம்பி. பட்டியலுக்கு அந்தப் பெயரை ரூபெனிடம் கொடுத்ததும் அவர்தான். இருபத்திரண்டு வருடமாகக் காணாமல் போனவன். பெயர், வருடம், ஊர் எல்லாம் சரி. கறுப்புக் கரையைப் பார்த்ததும் பீடத்துக்கு முன்னால் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாராம். பிறகு மட்டையைத் தூக்கிக்கொண்டு நேரே ரூபென் வீட்டுக்குப் போய்க் கேட்டாராம்: “உனக்குத் தெரிஞ்சிருக்குது. ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“வாற சனிக்கிழமை பதினொரு மணிக்கு அவனுக்குச் சாப்பூசை வைக்கப் போறா. சுவாமியிட்டைச் சொல்லிப்போட்டா. நான் இல்லையெண்டு கத்தினன், நம்பிறா இல்லை. நீர்தான் எழுதினனீர். நீர் வந்து சொல்லும்.”

5. எல்வீரா வீட்டில்

செவ்வாய்க்கிழமை பின்னேரம் நானும் என் மனைவி பிலோமினாவும் ரூபெனோடு போனோம். எல்வீரா ஒரு garderie-யில், அதாவது சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும் இடத்தில், சமைக்கிறவர். கறுப்புச் சட்டை போட்டிருந்தார். எங்களுக்குக் கோப்பி தந்தார். பிரெஞ்சிலேயே கதைத்தோம். நான் முழங்காலில் நிற்காத குறையாக எல்லாவற்றையும் சொன்னேன். முந்தின பக்கத்தை வெட்டி எறிந்ததையும் சொன்னேன். சுவாமியிடம் சொன்ன பொய்யையும் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

“நீங்கள் நல்ல மனிசர்” என்றார். “எனக்கு நோகக்கூடாது எண்டு ரூபென் உங்களைக் கூட்டிக்கொண்டு வந்து இப்பிடிச் சொல்ல வைக்கிறார்.”

“இல்லை அக்கா. சத்தியமா எனக்கு உங்கடை தம்பியைப் பற்றி ஒண்டும் தெரியாது.”

“இருபத்திரண்டு வருசம் ஒருத்தரும் எனக்கு ஒண்டும் சொல்லேல்லை. அரசாங்கம் சொல்லேல்லை, கோயில் சொல்லேல்லை. நீங்கள்தான் சொன்னியள். நேற்றுத்தான் நான் முதல்முதலா நித்திரை கொண்டனான். இனி அதைத் திருப்பி எடுக்காதேங்கோ.”

எழுதி வைத்ததை அழிக்கலாம். ஒருவர் நம்பிவிட்டதை அழிக்க என்னிடம் ஒரு கருவியும் இல்லை.

ரூபெனின் காரில் ஏறியதும் பிலோமினா அதுவரை அடக்கி வைத்திருந்ததைச் சொன்னாள். அவளுடைய தம்பி அன்ரன் தொண்ணூறுகளில் ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டவன். அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. ஒவ்வொரு நவம்பரும் நாங்கள் பெயர் எழுதும்போது அவளுடைய அப்பா, அம்மா, பெரியப்பா என்று சொல்லிக்கொண்டு வந்து அந்த இடத்தில் நிறுத்திவிடுவாள். அன்ரனின் பெயரை இன்றுவரை கொடுத்ததில்லை.

“என்ரை தம்பியின்ரை பேரை ஆரோ ஒருத்தன் கறுப்புக் கரை போட்டு எழுதி வைச்சிருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பியள்?”

நான் முன்னால் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

“சொல்லுங்கோவன். அவன்ரை கையை முறிச்சிருப்பியள்.”

ரூபெனுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் கண்ணாடியில் அவளைப் பார்த்து, “அவ சொல்லுறது சரி” என்றார்.

6. நாலு ஓரம்

“அந்த மட்டையை உம்மடை மெஷினிலை போட்டு வெட்டும். ஒரு பேரும் வாசிக்க வரப்படாது” என்று ரூபென் சொல்லியிருந்தார். புதன்கிழமை மத்தியானம் வேலை குறைந்த நேரம் அதை எடுத்தேன்.

கட்டிங் மெஷினில் எங்களுக்கு ஒரு கட்டாயப் பழக்கம். கத்தி இறங்குவதற்கு முன்னால் நாலு ஓரத்தையும் விரலால் தடவிக் கண்ணால் பார்க்க வேண்டும். ஒரு ஸ்டேபிள் கம்பி இருந்தாலும் கத்தி போய்விடும். குப்பைக்குப் போகிற மட்டைதான் என்றாலும் கை தானாகப் போனது. வலது ஓரத்தைப் பார்த்துக்கொண்டு வரும்போது பதினேழாவது பெயருக்கு நேரே, கறுப்புக் கரைக்குப் பக்கத்தில், மெல்லிய பென்சிலில் இரண்டு சொல். எறும்பு போல எழுத்து. நான் எழுதியது அல்ல.

இரண்டாவது சொல் பிரெஞ்சில் ‘வாழ்க’ என்று கூப்பிடுகிற சொல் போல இருந்தது. ஆனால் இந்த முறை நானாக ஒன்றும் முடிவு செய்யவில்லை. ரூபெனுக்கு ரெலிபோன் எடுத்தேன். பஸ் ஓடும்போது எடுக்கமாட்டார். செய்தி வைத்தேன்.

நாலரை மணிக்கு அச்சகத்துக்கு முன்னால் ஒரு பெரிய மஞ்சள் பாடசாலை பஸ் வந்து நின்றது. முதலாளி வெளியே ஓடினார். “செபஸ்தியான்! அந்த பஸ் என் லோடிங் கதவை மறிக்குது! அதுக்குள்ளை பிள்ளைகள் இருக்கினமோ?”

“ஒருத்தரும் இல்லை, மிசியே. எல்லாரையும் இறக்கிப்போட்டன்” என்றபடி ரூபென் உள்ளே வந்தார். மட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

“என்ன அண்ணை எழுதியிருக்குது?”

“‘இவன் உயிரோடை இருக்கிறான்.’”

அப்படியே தாள் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். வெட்டாத தாளில் உட்காரக் கூடாது என்று முதலாளி எல்லோரையும் ஏசுகிறவர். அன்றைக்கு அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

7. டோர்வல்

எல்வீராவுக்கு இப்போது சொல்ல வேண்டாம் என்று ரூபென் உறுதியாகச் சொன்னார். “ஆரும் பகிடிக்கு எழுதியிருந்தால்? ஒரு மனிசியை ரெண்டு தரம் சாகடிக்கேலாது.”

வியாழக்கிழமை நான் அரை நாள் லீவு எடுத்தேன். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவிடம் விசாரித்தோம். “ஓம், முதல் ஞாயிறு ஒருத்தன் அதுக்கு முன்னாலை கனநேரம் நிண்டவன். பேந்து என்னட்டை வந்து பென்சில் கேட்டவன். பென்சிலைத் திருப்பித் தரேல்லை” என்றார். விமான நிலையச் சட்டையோடு வருபவன், கோயிலின் கடைசி வாங்குப் பலகையில் இருப்பவன், பெயர் வில்மர். முதல் ஞாயிறே எழுதியிருக்கிறான். எல்வீரா பார்த்தது அடுத்த ஞாயிறு. கறுப்புக் கரையையும் பெயரையும் கண்ட பிறகு அவர் கண்ணுக்கு ஓரத்துப் பென்சில் எங்கே தெரியப்போகிறது?

டோர்வலில் ஷிப்ட் மாறும் நேரம் வேலைக்காரர் வரும் பஸ் தரிப்பில் நின்று பிடித்தோம். விமானங்களுக்குள் துப்புரவு வேலை செய்பவன். எங்களைக் கண்டதும் ஒதுங்கப் பார்த்தான்.

“நான் எழுதேல்லை.”

“எழுதினதுக்கு ஏச வரேல்லை” என்றார் ரூபென். “ஆளைத் தெரியுமோ எண்டு கேக்க வந்தனாங்கள்.”

“தெரியாது.”

“தெரியாதவன் ஏன் எழுதினனி?”

அவன் முகத்தைத் திருப்பினான். பஸ் வந்தது. போனது. ரூபென் அவனோடு ஸ்பானியத்தில் கோபமாக ஏதோ சொன்னார். அவன் இன்னும் இறுகிப் போனான். எனக்கு அந்த முகம் விளங்கியது. அது தனக்காகப் பயப்படும் முகம் அல்ல. இன்னொருவனின் பத்திரத்தைக் காப்பாற்றும் முகம். நான் ரூபெனின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

“தம்பி, அந்த ஆள் இப்ப வேறை பேரிலை இருக்கிறார், அதுதானே?”

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

“நானும் வேறை ஒருத்தன்ரை பாஸ்போட்டிலைதான் இந்த இடத்திலை வந்து இறங்கினனான். எனக்கு அந்தப் பேர் வேண்டாம். விலாசம் வேண்டாம். நம்பர் வேண்டாம். நீரே எடும். அக்கா எல்வீரா இஞ்சை இருக்கிறா எண்டு மட்டும் சொல்லும்.”

“அக்காவோ?” என்றான். “அவருக்கு அக்கா இல்லை. ஊரை எரிச்சபோது எல்லாரும் செத்துப்போச்சினம் எண்டு எனக்குச் சொன்னவர்.”

ரூபென் வாயில் கை வைத்தார்.

அதற்குப் பிறகுதான் வில்மர் கதைத்தான். அல்பேர்ட்டாவில் ஒரு மாட்டிறைச்சித் தொழிற்சாலையில் மூன்று வருடம் அவர்கள் பக்கத்துப் பக்கத்து மேசை. ஒரு பிறந்தநாளுக்குத்தான் அந்த மனிதர் தன் உண்மைப் பெயரையும் ஊரையும் அவனுக்குச் சொன்னாராம். “மட்டையிலை காணாமல் போனவை எண்டு போட்டிருந்தால் நான் பேசாமல் போயிருப்பன். அவருக்குக் காணாமல் இருக்கத்தான் விருப்பம். ஆனால் உயிரோடை இருக்கிற ஆளைச் செத்தவையோடை வைக்கிறது பிழை. அதுதான் எழுதினனான்.”

அந்த இடத்திலேயே தன் போனில் எடுத்தான். யாரும் எடுக்கவில்லை. செய்தி வைத்தான். வெள்ளிக்கிழமையும் பதில் இல்லை. “வேலை மாறிப் போயிருக்கலாம். ரெண்டு வருசமாக் கதைக்கேல்லை” என்றான். அன்றைக்கு நானும் பிலோமினாவும் முழுச் செபமாலையும் சொன்னோம். எனக்காக அல்ல, என் பிழை அந்தப் பெண்ணின் தலையில் நிற்கக்கூடாது என்று.

8. சனிக்கிழமை, பதினொரு மணிப் பூசை

கோயிலில் இருபது முப்பது பேர். முன்னால் பூக்கள். ஹசிந்தோவின் இளவயதுப் படம் ஒன்று, பெரிதாக்கியதில் முகம் கலங்கிப்போன படம். எல்வீரா முதல் வாங்கில். நாங்கள் பின்னால். பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருந்தது. எழும்பிப் போய்ப் பூசையை நிறுத்துங்கள் என்று சொல்வோமா என்று ரூபெனைக் கேட்டேன். “என்னத்தை வைச்சு நிப்பாட்டுறது? ஒரு பென்சில் எழுத்தை வைச்சோ?” என்றார்.

அப்போது பக்கக் கதவு அடித்துத் திறந்தது. வில்மர், வேலைச் சட்டையோடு, போனைக் காதில் வைத்தபடி மூச்சு வாங்கிக்கொண்டு வந்தான். யாரையும் பார்க்கவில்லை. நேரே முதல் வாங்குக்குப் போய் எல்வீராவின் கையில் போனைக் கொடுத்தான்.

அவர் ஒன்றும் விளங்காமல் காதில் வைத்தார். ஆர் என்று கேட்டார். பிறகு தாழ்ந்த குரலில் இன்னொரு கேள்வி கேட்டார். கோயில் முழுவதும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

திடீரென்று சத்தம் போட்டு ஏசத் தொடங்கினார். எழும்பி நின்று, கையை வீசி, பீடத்துக்கு முன்னாலேயே ஏச்சு. எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ரூபெனைப் பார்த்தேன். அவர் கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

“என்ன சொல்லுறா?”

“சின்னனிலை இவன்ரை கழுதை ஒண்டு இருந்ததாம். அதின்ரை பேரைச் சொல்லு எண்டு கேட்டா. சொல்லிப்போட்டான். இப்ப அந்தக் கழுதைக்கு இருந்த அறிவு உனக்கில்லை எண்டு ஏசுறா. இருபத்திரண்டு வருசம் ஒரு கடுதாசி போடத் தெரியாதோ எண்டு கேக்கிறா.”

“அவன் என்ன சொல்லுறான்?”

“போட்டவனாம், எரிஞ்ச வீட்டுக்கு. பதில் வராமல்தான் எல்லாரும் செத்ததெண்டு நினைச்சவனாம்.”

பிறகு எல்வீராவின் குரல் இறங்கியது. வாங்கில் இருந்துவிட்டார். மெதுவாக ஏதோ சொன்னார். “தாய் செத்ததைச் சொல்லுறா” என்றார் ரூபென். “நாலு வருசத்துக்கு முன்னம், இஞ்சைதான். அவன் தாய் அண்டைக்கே எரிஞ்சுபோனா எண்டு நினைச்சிருந்தவன். பதினெட்டு வருசம் உயிரோடை இருந்தவ எண்டது இப்பதான் தெரியுது.”

ஸ்பானியப் பூசை வைக்கும் சுவாமி திருவுடையோடு வந்து தயங்கி நின்றார். “அப்ப பூசையை விடுவமோ, எல்வீரா?”

“ஏன் விடுறது? பூவெல்லாம் வாங்கியாச்சு. அம்மாவுக்கு வையுங்கோ. அவன் அம்மான்ரை பூசைக்கு நிக்கேல்லை. இண்டைக்கு நிக்கட்டும்.”

போனை நிறுத்தாமல் வாங்கில் தன் பக்கத்தில் வைத்தார். வில்மர் பின்னால் வந்து குனிந்து என் காதில், “போன் பற்றரி முடியப் போகுது” என்றான். பிலோமினா அவனைப் பார்த்து, “பேசாமல் முழங்காலிலை இரும்” என்றாள். தமிழில்தான் சொன்னாள். இருந்தான். பூசை முடியும் வரைக்கும் பற்றரி தாங்கியது. தம்பி வந்து சேர்ந்தது அடுத்த வருட வசந்தத்தில். அது அவர்களுடைய வீட்டுக் கதை, நான் எழுதக் கூடாது.

பூசை முடிந்ததும் எல்வீரா என்னிடம் வந்தார். கட்டிப்பிடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். என் கன்னத்தில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினார். “ஒரு கிழமை என்ரை தம்பியைச் சாகடிச்சு வைச்சிருந்தியள்” என்றார். பிறகுதான் கட்டிப்பிடித்தார். வீட்டுக்கு வரும் வழியில் எங்கள் வீடு இருக்கும் லவாலுக்குத் திரும்ப வேண்டிய இடத்தைத் தவறவிட்டு வெகுதூரம் போய்விட்டேன். பிலோமினா சிரித்தாள். அந்தக் கிழமையில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

9. பிறகு

எங்கள் சுவாமியிடம் போய் என் பொய்யைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். ரூபென் அந்தக் கடைசி செக்‌ஷனை மறுபடி அடிப்பித்தார். இப்போது பெயர் நாற்பத்தொன்று. ‘இவர்களைக் காணவில்லை’ என்ற வரி முந்தின பக்கத்தில் மட்டும் இல்லை. பெயர் வருகிற ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் இருக்கிறது. “உம்மைப் போல வெட்டுற ஆக்கள் இருப்பினம்” என்று சிரித்தார். அன்றிலிருந்து எனக்குத் தெரியாத மொழியில் ஒரு தாள் வந்தால், அதில் என்ன இருக்கிறது என்று கொண்டுவந்தவரிடம் கேட்காமல் நான் கத்தியை இறக்கியதில்லை. என்னிடம் வேலை பழகியவர்களுக்கும் முதல் பாடம் அதுதான்.

ஆனால் இதை எழுத வைத்தது வேறு. அடுத்த நவம்பரில் எங்கள் தமிழ்ப் பூசைக்கு வரும் ஒரு தாய் என்னிடம் வந்து, ஒரு துண்டில் மகனின் பெயரைத் தந்தார். ஊரில் காணாமல் போன மகன். “செபஸ்தி அண்ணை, நீங்கள் கறுப்புக் கரை போட்டு எழுதி வைச்சால் ஆள் உயிரோடை வருமாம்” என்றார். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு பேர். கதை அப்படிப் பரவியிருந்தது. நான் செபித்தேனாம், எழுதினேனாம், அற்புதம் நடந்ததாம். என் பொய் அதில் இல்லை. பென்சில் கேட்டு வாங்கிய வில்மர் இல்லை. இன்னும் ஒரு செய்தியும் வராத நாற்பத்தொரு பெயர் அதில் இல்லவே இல்லை. அந்தத் தாயின் துண்டை அவர் கையிலேயே திருப்பி வைத்து, முழுவதையும் சொன்னேன். அவர் அழுதார். பெயரைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். என் மனைவி மட்டும் அன்ரனின் பெயரை எழுதச் சொல்லி ஒரு நாளும் கேட்கவில்லை.

ஆண்டவர் என் பிழைக்குள்ளும் வேலை செய்தார் என்று நான் நம்புகிறேன். அதற்காகப் பிழை புண்ணியம் ஆகாது.

வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இதை மற்றவர்களுக்குக் கொடுங்கள், சொல்லுங்கள், பிரதி எடுங்கள். ஆனால் முழுதாகக் கொடுங்கள். நான் சுவாமியிடம் “அவருக்குத் தெரியும்” என்று சொன்ன வரியை எனக்காக இரங்கி வெட்டிவிடாதீர்கள். நாற்பத்தொரு பேரை இன்னும் காணவில்லை என்ற வரியையும் வெட்டாதீர்கள்.